இரண்டாம் சாட்சி

என் முதல் சாட்சியான அன்பு அப்பாவுக்கு,

நம் வீட்டில் சென்ற மாதம் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பைக்கின் பின் இருக்கையை அம்மாவுக்கு ஒதுக்குவது என்பதே அது. கூட்டத்துக்கு நானும் அம்மாவும் வந்திருந்தோம். தம்பி பெங்களூரிலிருந்து போனில் கலந்துகொண்டு, நடுவில் சிக்னல் போனதால் வெளிநடப்புச் செய்தான். அம்மா தீர்மானத்தைக் கடுமையாக எதிர்த்தாள். எதிர்ப்பு குறித்துக்கொள்ளப்பட்டு, தீர்மானம் நிறைவேறியது.

எல்லாம் உங்கள் எஞ்சின் நம்பர் நோட்டுக்காகத்தான். நீங்கள் கண்மூடியபின் எட்டு மாதமாக அதில் ஒரு வரி ஏறியிருக்கவில்லை. நான் சும்மா இருக்கவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், ரயில்வே கேட்டில் நின்று எஞ்சின் நம்பரைப் படித்துவிட்டு, எழுத வழியில்லாமல் திரும்பி வந்தேன்.

இந்தக் கடிதத்துக்கும் சாட்சி வேண்டும் என்பதால் இதைப் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்கிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சிலர் விடுமுறையில் பறவை பார்க்கப் போவார்கள். நீங்கள் எஞ்சின் பார்க்கப் போனீர்கள். பறவைமேல் நம்பர் எழுதியிருக்காது என்பதுதான் பறவையிடம் நீங்கள் கண்ட குறை. முதலில் நீங்கள் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்தேன். உங்களுக்கு மூட்டுவலி வந்தபின் நான் ஓட்டினேன். மலையை ஒட்டியே செங்கோட்டை, அதைத் தாண்டிக் காடு என்று பன்னிரண்டு வருடம் போனோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பதிவு அலுவலக வாசலில் ஆயுசெல்லாம் பத்திரம் எழுதியவர் நீங்கள். ரயிலுக்கு மட்டும் சலுகை கிடைக்குமா? இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, தனித்தனிச் சீட்டில் எழுதி, இரண்டும் ஒத்துப்போனால்தான் பதிவு. "கிழக்கே தார்ச்சாலை, மேற்கே மலை, வடக்கே கேட், தெற்கே டீக்கடை, இந்த நான்கெல்லைக்குள் மேற்படி எஞ்சின் கடந்து சென்றது." அதன் கீழே நம் இருவர் கையெழுத்து. அந்த எஞ்சினை வாங்குகிறவனுக்குப் பிற்காலத்தில் எந்த வில்லங்கமும் வராது.

"எக்கா, போட்டோ எடுத்து வச்சா தீந்துச்சு. அத விட என்ன சாட்சி வேணும்?" என்றான் தம்பி.

"போட்டோ கையெழுத்துப் போடாதுல்லா," என்றேன். "அப்பா மாதிரியே பேசுற," என்றான் தம்பி. சிக்னல் போனது அப்போதுதான்.

அம்மாவின் வாதம் வேறு. "எஞ்சின் நம்பரத் தெரிஞ்சு எனக்கு எம்புட்டு லாபம்? ஓட்டுறவனுக்கே அது மனப்பாடமா இருக்காது." கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு பைக்கில் உட்கார வேண்டியிருப்பதால், தெரு விழிக்கும் முன் கிளம்பிவிட வேண்டும்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அம்மா மடியில் புளியோதரைத் தூக்கு. ராஜபாளையம் தாண்டும் வரை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தவள், சேத்தூரில் பிடியைத் தளர்த்தினாள். புளியங்குடிக்குள் நாம் வழக்கமாக நிற்கும் கடையில் நிறுத்தினேன்.

"இங்கதான் நிப்பீகளா?"

"ஆமாம்மா."

"என்ன திம்பீக?"

"உளுந்த வடை."

"உங்கப்பா எத்தன?"

"நாலு."

"சுகர வச்சிக்கிட்டு நாலா? வீட்டுக்கு வந்து, வயிறு மந்தமா இருக்கு, ரசம் மட்டும் போதும்பாகளே!"

உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க இனி வழியில்லை என்ற தைரியம்தான். அவளும் இரண்டு தின்றாள்.

செங்கோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கி, கழுதுருட்டியில் அந்தப் பதிமூன்று கண் ரயில் பாலத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். அம்மா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, பாலத்தின் கண்களை ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தாள். விதிமுறைகளைச் சொல்லிக்கொடுத்து, சீட்டும் பென்சிலும் கொடுத்தேன்.

மலையேறி வந்த ரயில் முனகிக்கொண்டே பாலத்தைக் கடந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினோம். சீட்டைப் பிரித்தால், ஐந்து எண்ணில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை.

"சரியாப் பாக்கலயாம்மா?"

"யாரப் பாத்து என்ன கேக்குற? முப்பது வருசம் சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி செக்கிங் பாத்தவடி நான். ஓடுற துணியில அத்துப்போன ஒத்த நூலப் பிடிச்ச கண்ணு இது. ஒனக்குத்தான் கண்ணாடி மாத்தணும்."

அப்புறம்தான் விளங்கியது. அந்த மேட்டில் வண்டிக்கு முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். நான் முன்னால் இருந்ததைப் படித்தேன். அம்மா பின்னால் இருந்ததைப் படித்திருக்கிறாள்.

"முன்னாடி உள்ளதத்தான்ம்மா பாக்கணும்."

"அப்ப பின்னால கெடந்து தள்ளுதே, அத யாரு பாக்குறது?"

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன் அப்பா. பன்னிரண்டு வருடத்தில், இதே பாலத்தில் மட்டும் எத்தனை பதிவு! பின்னால் தள்ளிய எஞ்சின் ஒன்றின் நம்பர்கூட இல்லை. நமக்கு ஏன் அது தோன்றவே இல்லை?

எட்டு மாதக் காத்திருப்பு வீணாகிறதே என்ற ஆற்றாமையில் ஒரு குற்றம் செய்யப் பார்த்தேன். "ரெண்டையும் எழுதிருவோம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒத்தச் சாட்சி செல்லாதுன்னு அவியதான சொன்னாக? அப்பச் செல்லாது," என்றாள். சீட்டை மடித்துத் தூக்குப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு பாலத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "என்னைய ஏன் ஒருநாளும் கூப்பிடல?"

"பைக்குல மூணு பேரு போகக் கூடாதேம்மா."

நீங்கள் சொல்லித்தந்த பதில்தான். சட்டப்படி சரியான பதில்.

"நீ ரெண்டு வருசம் மதுரைல வேல பாத்தியே, அப்ப உங்கப்பா ஒத்தையிலதான போனாக? பின்னால காலியாத்தான கெடந்துச்சு?"

அந்த இரண்டு வருடமும் நோட்டில் ஒரு பதிவும் இல்லை. நீங்கள் வாராவாரம் போயிருக்கிறீர்கள், நம்பரைப் பார்த்திருக்கிறீர்கள், சாட்சியில்லாமல் திரும்பி வந்திருக்கிறீர்கள். ரயில்வே கேட்டில் டீக்குடிக்க வந்தவரிடம்கூட, "சார், அந்த நம்பரைக் கொஞ்சம் படிக்கிறீர்களா?" என்று கேட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாராம். துணியில் ஒற்றை நூலைப் பிடிக்கிற கண் அப்போது நம் வீட்டு அடுப்படியில் உங்களுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தது.

அவள் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்ததா?

"கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்," என்றாள் அம்மா. "அது வேற. கூப்பிட்டிருக்கலாம்."

புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டோம். நான் ஹெல்மெட்டை எடுத்தபோது, "அடுத்த வண்டி எப்ப?" என்று கேட்டாள்.

"மூணு மணிக்கு மேல ஆகும்மா."

"ஆகட்டும். வந்தது வந்தாச்சு, பாத்துட்டுப் போவோம்."

மூன்றரைக்கு வந்தது. இந்தத் தடவை இருவரும் பின் எஞ்சினைத்தான் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தோம். முன்னால் இழுத்துப் போனது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சீட்டைப் பிரித்தோம். ஐந்து எண்ணும் ஒத்துப்போயின. உங்கள் நடையிலேயே நான்கெல்லை போட்டு, "மேற்படி வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிச் சென்ற எஞ்சின்" என்று எழுதினேன். அம்மா அதை இரண்டு தடவை படித்தாள், ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்தாள், திருத்தியபின்தான் கையெழுத்துப் போட்டாள்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த இரண்டு வருடப் பக்கங்களை நான் நிரப்ப மாட்டேன், கிழிக்கவும் மாட்டேன். அவை அப்படியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும், அவள் வருவாள் என்று தெரிந்தாலும், வரமாட்டாள் என்று தெரிந்தாலும், "நாளைக்கு வாரியாம்மா?" என்று வாய்விட்டுக் கேட்பேன். இதுவரை நான்கு சனிக்கிழமை கேட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஆள் இருக்காது, இனிப் பால் வேண்டாம் என்று அம்மா பால்காரரிடம் சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்