குழாயடிக் கட்டின் மேல் இருந்த நீலக் கோப்பை

உங்களுக்கென்று மூன்று வரி இடம் விட்டிருக்கிறார் அண்ணே, நம் டொக்டர் மிஸ். நம் மிருக வைத்தியசாலையில், குண்டசாலை ரோட்டைப் பார்த்த கண்ணாடியில் ஒட்டப் புது நோட்டீஸ் அடிக்கப் போகிறார்கள். சிங்களத்தில் அவரே எழுதிவிட்டார். தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழ் போதும் என்று சொல்லிவிட்டார்.

பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தேன். வியாழக்கிழமை வெறிநாய்க்கடித் தடுப்பூசி. சனிக்கிழமை பிற்பகலும் திறந்திருக்கும். எழுந்து நிற்க முடியாத மாட்டுக்கு வீட்டுக்கே வந்து வைத்தியம். எல்லாம் மளமளவென்று வந்தது. கீழே ‘ஊழியர் செய்தி’ என்று ஒரு கட்டம். உங்கள் இடத்துக்குக் கெலிஓயாவிலிருந்து வந்திருக்கும் பெண்ணைப் பற்றி இரண்டு வரி, அதுவும் எழுதியாயிற்று. அதற்குக் கீழே, பதினாறு வருஷம் இங்கே வேலை செய்து காலமான உங்களுக்கு மூன்று வரி. அங்கே பேனா நின்றுவிட்டது. “தங்கச்சி பேசி முடிக்கிறதுக்குள்ள குட்டி நாய்க்கு வயசாயிரும்” என்பீர்களே, அந்த வாய்க்கு மூன்று வரி வரவில்லை.

வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நான் வாசலில் நம்பர் துண்டு கொடுப்பேன், கூட்டுவேன், சாமிப் படத்துக்குப் பூ வைப்பேன். நீங்கள் உள்ளே மிருகங்களைப் பிடிப்பீர்கள். கடிக்க வருகிற நாயும் உங்கள் கைக்குள் வந்தால் அடங்கிவிடும். பிழைக்காத ஜீவனுக்கு டொக்டர் மிஸ் கடைசி ஊசி போடும்போதும் பிடித்திருப்பது நீங்கள்தான். பல்லேகலையிலிருந்து ஒருவர் தன் கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? உள்ளே வர மனமில்லாமல் அவர் வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதார். நாயின் பெயர் என்ன என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டு போனீர்கள். மூச்சு அடங்கும் வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது வெளியே எனக்குக் கேட்டது. பிறகு பின்பக்கம் பலாமரத்தடியில் குழி வெட்டியதும் நீங்கள்தான்.

நான் என்ன செய்தேன்? உங்கள் கோப்பையை மேசையிலிருந்து எடுத்து வெளியே குழாயடிக் கட்டின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

வேலைக்கு வந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நான் வெள்ளிக்கிழமை வெரதக்காரி, கோயிலுக்குப் போறவ. செத்தத தொட்ட கை படுற கோப்பையோட மத்த கோப்பைய சேத்துக் கழுவ மனசு வரல” என்றேன். நீங்கள் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே, “வெளிய இருந்தா வெயில்ல நல்லா காயும், வைங்க” என்றீர்கள். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் தேத்தண்ணியை உயர்த்திப் பிடித்துத்தான் ஊற்றினேன். நீங்கள் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்து குடித்தீர்கள்.

ஒரே ஒரு தரம் கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான். “ஊசி போடுறது மிஸ், புடிக்கிறது நான். மிஸ்ஸோட கோப்பை மட்டும் மேசையில இருக்கே தங்கச்சி?”

“அவங்க படிச்சவங்கண்ணே.”

“அப்ப சரி” என்று எழுந்து போனீர்கள். நான் போய்ச் சாமிப் படத்துக்குச் சாம்பிராணி காட்டினேன்.

நீங்கள் போன அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். எத்தனை சுற்றிப் பேசினாலும் அங்கேதானே வந்து நிற்க வேண்டும்? தடுப்பூசி நாள், வாசல் நிறைய நாய்கள். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தீர்கள். முகமெல்லாம் வியர்வை. “தங்கச்சி, கொஞ்சம் தண்ணி” என்றீர்கள்.

என் கைக்கெட்டும் தூரத்தில் மேசை. அதில் கூசா நிறையத் தண்ணீர், கழுவிக் கவிழ்த்த ஐந்து கோப்பைகள். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. உங்கள் கோப்பையைத் தேடிப் பின்பக்கம் ஓடினேன். கட்டின் மேல் அது இல்லை. காகம் தட்டிவிட்டிருக்க வேண்டும், கழிவுநீர் ஓடும் கானுக்குள் கிடந்தது. எடுத்தேன், மண்ணைக் கழுவினேன், இரண்டு தரம் கழுவினேன். தண்ணீரோடு வாசலுக்கு வந்தபோது உங்களை ஏற்றிய த்ரீவீலர் ரோட்டில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்ததென்று பிறகு சொன்னார்கள்.

தண்ணீர் கொடுத்திருந்தாலும் நீங்கள் பிழைத்திருக்க மாட்டீர்கள் என்று டொக்டர் மிஸ் சொல்லிவிட்டார். இருக்கட்டும். கேட்ட தண்ணீரைக் கொடுக்காதவள் நான்தானே? உங்கள் பெயரில் விளக்குப் போடுகிறேன். சாமிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் என் கையில் அந்த ஐந்து கோப்பைகளும் இருப்பது போலவே இருக்கிறது.

இன்று காலை ஒரு பூனைக்குக் கடைசி ஊசி. கெலிஓயாப் பெண் பிடித்திருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து தன் பையிலிருந்து புதுக் கோப்பை ஒன்றை எடுத்தாள். “அக்கா, இத எங்க வைக்கிறது?” என்று கேட்டாள்.

என் கண் குழாயடிப் பக்கம் போனது அண்ணே. பொய் சொல்லமாட்டேன், போனது. பிறகு, “மேசையில வை, எல்லாரோடதும் அங்கதான்” என்றேன். பின்னால் போய் உங்கள் கோப்பையையும் எடுத்து வந்தேன். மற்றக் கோப்பைகளோடு ஒரே பேசினில் போட்டுக் கழுவி, அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். ‘எல்லாரோடதும்’ என்று உங்கள் காலத்தில் சொல்ல வராத வாய் இது.

நோட்டீஸுக்கும் ஒரு வரி எழுதிவிட்டேன். ‘பயந்த மிருகங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேற்றியவர்.’ மற்ற இரண்டு வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

கழுவும்போது கைப்பிடியில் இருந்த சின்ன உடைசல் விரலில் தட்டியது. இந்த உடைசல் அந்த வியாழக்கிழமைக்கும் முன்பே எனக்குத் தெரியுமே, வெளியே வைத்ததிலிருந்து அதுவரை நான் இதைத் தொட்டதே இல்லையே, கட்டின் மேலிருந்து எடுப்பதும் வைப்பதும் நீங்கள்தானே என்று யோசித்துக்கொண்டே எழுதினேன். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் வேலைக்கு வந்த முதல் நாள் கோப்பை கொண்டு வரவில்லை. நீங்கள் உங்களுடையதைக் கழுவி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, பிளாஸ்க் மூடியில் குடித்தீர்கள். அது இந்த நீலக் கோப்பைதான்.