நாலு வரிச் செய்தி

12.9.2003, வெள்ளி. பெரம்பலூர்.

பாராட்டித்தான் எழுதினேன். மீன்சுருட்டி பக்கத்துப் பிளஸ் டூ மாணவி எஸ்தரின் குடும்பம் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கிறது. அன்று அவள் விளையாட மாட்டாள். அதனால் மாவட்டப் போட்டியில் நாளைக்கு இருந்த நீளம் தாண்டுதலை, பொறுப்பாளரான உடற்கல்வி ஆசிரியர் இன்றைக்கு மாற்றி வைத்திருந்தார். நல்ல காரியம் என்று நான் நாலு வரி அனுப்பினேன். காலைப் பதிப்பில் வந்தது.

ஒன்பது மணிக்கு மற்றப் பள்ளிக்காரர்கள் பேப்பரும் கையுமாக மைதானத்தில் நின்றார்கள்.

"ஒரு புள்ளைக்காகத் தேதியையே மாத்துவீங்களா? அப்ப நாங்களும் எங்க புள்ளைங்களுக்கு ராகுகாலம் பாத்துட்டு வரோம்!"

போட்டி மறுபடி சனிக்கிழமைக்கே போனது.

உடற்கல்வி ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. "நேர்ல கேட்டப்ப சரின்னவங்கதான் சார். பேப்பர்ல பாத்ததும் ரோஷம் வந்துடுச்சு" என்றார்.

ஜெயித்திருந்தால் எஸ்தர் மாநிலப் போட்டிக்குப் போயிருப்பாள். ஷூவைக் கழற்றிப் பையில் வைத்தாள். வெள்ளி பொழுது சாய்ந்ததுமே ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் வீடு சேர வேண்டும் என்று அவள் அப்பா பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை எழுதட்டுமா என்றும் கேட்டேன்.

"வேணாங்க சார். சின்னவளும் நல்லாத் தாண்டுறா. அவளுக்காச்சும் யாராவது சத்தமில்லாம மாத்திக் குடுக்கட்டும்."

சரி என்றேன். பெரியவளுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம்.