யாரைக் கேட்டுக் கட்டையை இறக்கினீர்கள், அண்ணே?

என் பிரியத்துக்குரிய காசிம் அண்ணே,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்களிடம் சண்டை போடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது கொதித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

நம் இசைக்குழுவில் நீங்கள் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஸ்டீபன் கீபோர்டு வாசிக்கிறான். நல்ல கை. போன வாரம் பரவையில் ஒரு கல்யாண வரவேற்பு. வழக்கம்போல மைக்கில், "எந்தப் பாட்டா இருந்தாலும் ஒரிஜினல் கட்டையிலதான், அதே சுருதியிலதான் பாடுவேன்" என்று பெருமையடித்துவிட்டு ஆரம்பித்தேன். பல்லவி தாண்டியது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் குரல் கிழிந்துவிட்டது. இருமல் வந்ததுபோல் நடித்துச் சமாளித்தேன். முன்வரிசையில் ஒருவர் ஐஸ்கிரீம் கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மேடையை விட்டு இறங்கியதும் ஸ்டீபனைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு தம்பி கட்டைய ஏத்துன?"

"ஏத்தலக்கா. ஒரிஜினல்லதான் வாசிச்சேன். நீங்கதான மைக்ல சொன்னீக."

பேஸ் கிட்டார் செல்வம்தான் உண்மையைச் சொன்னான். "யக்கா, ஒங்களுக்கு ரெண்டாவது பிள்ள பெறந்து வந்ததுலருந்தே காசிம் பாய் கீபோர்டு பட்டனைத் தட்டி ஒரு கட்டை இறக்கிருவாரு. நாங்களும் அதுக்கேத்தாப்புல மாத்தி வாசிப்போம். ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு."

அண்ணே, புல்லாங்குழல்காரர் வரைக்கும் தெரிந்திருக்கிறது. பாடுகிறவளுக்கு மட்டும் தெரியவில்லை. அடுத்த குழு சாந்தி கட்டையை இறக்கிப் பாடுகிறாள் என்று நான் கிண்டல் செய்தபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களே! அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து?

என் மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தீர்கள், தெரிகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன். உங்களோடு பேசாமல் இருந்திருப்பேன். பிறகு எனக்கு எது வரும், எது வராது என்று உட்கார்ந்து பார்த்திருப்பேன் இல்லையா?

அதை இப்போது தனியாகப் பார்த்தேன். கோச்சடை வீட்டில் செல்போனில் சுருதி வைத்துப் பாடினால், மேலே எட்டவில்லை. எவ்வளவு முக்கினாலும் எட்டவில்லை. எரிச்சலில், நீங்கள் இறக்கிய ஒரு கட்டைக்கும் கீழே இறங்கினேன். குரல் கனமாக, ஆடாமல் நின்றது. என் பாட்டைக் காது கொடுத்தே கேட்காத என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இம்புட்டு நாளா இந்தக் குரல எங்க வச்சிருந்த?" என்றார். அண்ணே, இல்லாததை மறைக்கப்போய், இருப்பதையும் எனக்குக் காட்டாமல் போய்விட்டீர்கள்.

நேற்று திருவாதவூர்ப் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. மைக்கை அணைக்காமலே சொன்னேன். "ஸ்டீபன் தம்பி, ரெண்டு கட்டை இறக்குப்பா. மேல எனக்கு எட்டாது." செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் ஒருவர்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை. இதற்காகவா அண்ணே இத்தனை வருஷம் பயந்தீர்கள்? முடிந்ததும் ஓர் அம்மா மேடைக்குக் கீழே வந்து, "இன்னொருக்கா பாடு தாயி" என்றார். பாடினேன்.

குரல் இன்னும் இறங்கத்தான் செய்யும். அன்றைக்கு அதை எல்லாருக்கும் முன்னால் நானே சொல்வேன். பாட்டை மட்டும் விட மாட்டேன். இது சத்தியம்.

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டால் நீங்கள் இல்லை என்று அழ வேண்டியிருக்கும். அதனால் கொஞ்ச நாள் கோபமாகவே இருந்துகொள்கிறேன்.

உங்களோடு பேச்சை நிறுத்த முடியாத தங்கச்சி,
மல்லிகா