மூட்டையோடு வந்த உன் கையெழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அப்பா நலம், நான் நலம், உன் சித்தி நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், கடல் தாண்டி நீ இருக்கும் ஊர் அவ்வளவு சுத்தமாயிற்றே. உங்கள் நகரம் பரிசு வாங்கிய படத்தை அப்பா கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டார். குப்பைமேடே இல்லாத நகரம், அங்கே குப்பைப் பிரிவில் என் மகள் அதிகாரி என்று நானும் உள்ளுக்குள் பூரித்தேன். சேருகிற பிளாஸ்டிக் எல்லாம் எங்கே போகிறது என்று போன மாதம் கேட்டபோது, "மறுசுழற்சிக்கு வெளியூர் போகுதும்மா" என்றாய். அந்த வெளியூரை நேற்றுப் பார்த்தேன். சித்தியின் தெருக்கோடியில்தான் இருக்கிறது.

சித்திக்கு இரண்டு மாதமாக வயிற்றுவலி, கையில் நடுக்கம். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ரத்தத்தில் ஈயம் என்று வந்திருக்கிறது. டாக்டர், "பெயிண்ட் கம்பெனியிலயா வேலை பாக்குறீங்க?" என்றாராம். இவள், "பட்டன் தைக்கிறவ டாக்டர், பட்டனைத் தின்னுறவ இல்ல" என்றிருக்கிறாள். வலியிலும் வாய் அடங்காது. அவள் குடிப்பது தெருக்கோடியில் உள்ள பொதுக்கிணற்றுத் தண்ணீர். மாதாமாதம் அதைச் சோதித்து, குடிக்க ஏற்றது என்று கையெழுத்துப் போடுகிறவள் உன் அம்மாதான். மாதிரி எடுத்து வருகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கிணற்றடி ஒரே சேறாம், செருப்பு உள்ளே போய்விடுகிறதாம், அதனால் ஒன்பது மாதமாகத் தெருமுனைத் தொட்டிக் குழாயிலேயே பாட்டிலை நிரப்பிக் கிணறு என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். "ஒரே தெருதானே மேடம்" என்கிறார். தொட்டிக்கு வருவது வேறு தண்ணீர், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பது மாதமும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையே. அவரை எந்த வாயால் திட்டுவது?

நானே பாட்டிலோடு போனேன். அந்தச் சேறு மழைச் சேறு இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, கூரை முட்ட மூட்டைகள். பெயிண்ட் டப்பா, மருந்துக் குப்பி, எண்ணெய்க் கேன் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்க, நான்கு பெண்கள் வெறுங்கையால் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீர் பின்னால் ஒரு குழிக்குப் போகிறது. அந்த நாற்றம் இன்னும் என் புடவையில் இருக்கிறது. கொட்டகைக்காரரைக் கேட்டால், "மேடம், இது குப்பையில்ல, பாரின் சரக்கு. சர்டிபிகேட்டோட வருது, பாருங்க" என்று காகிதத்தை நீட்டினார். தரம் பிரித்தது, கழுவியது, தீங்கற்றது. கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைப் பட்டம் மாதிரி இழுத்துவிடாதே என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இன்னும் இழுக்கிறாய்.

எனக்கு அருவருப்பாக இருந்தது. உன் மேல், என் மேல், அந்தப் பரிசின் மேல். உங்கள் தெரு சுத்தமாவதற்கு எங்கள் கிணறு வேண்டியிருக்கிறது. அதற்கு நீ அங்கே ஒரு கையெழுத்து, நான் இங்கே ஒரு கையெழுத்து, இரண்டு பேருமே பார்க்காமல்.

கிணற்றுத் தண்ணீரில் ஈயம் அனுமதித்த அளவைப்போல் நான்கு மடங்கு. கிணற்றை நேற்றே பூட்டச் சொல்லிவிட்டேன். என்னுடைய ஒன்பது அறிக்கைகளும் தவறு என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கிறேன், வருவது வரட்டும். நீ மறுத்தால் அடுத்த மேஜையில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பது எனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் அடுத்த சுமையில் ஒரு மூட்டையையாவது உன் கையால் பிரித்துப் பார், பிறகு பேனாவை எடு.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு, கண்ணைத் திறந்துகொண்டு இரு. ஒன்று மறக்காதே. நீ வேலையில் சேர்ந்த அன்று போட்டுக்கொண்டு போன சட்டை சித்தி தைத்தது. அந்தக் காகிதத்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. நீயே கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா