நீங்கள் வரிசையில் சேர்க்காத அணி

பாச்சை உருண்டை வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. உங்கள் பீரோவின் அடித்தட்டில், கிழித்த நாள்காட்டித் தாள்களுக்குக் கீழே, நம் மகன் பிறந்த தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்திருந்தீர்கள். தொலைந்துவிட்டது என்று அவனிடம் சொன்ன சீட்டு. நான் அதைத் தேடிப் போகவில்லை. வாரிசுச் சான்றிதழுக்காகக் காகிதங்களை மொத்தமாக அள்ளி உறையில் போட்டேன், அதுவும் சேர்ந்துகொண்டது. எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை வாசிக்காமல் யாரிடமும் நீட்டாதவள் நான். அன்று வாசிக்கவில்லை.

அந்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் முழுக்க உங்கள் கிறுக்கல். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போன நம் நாட்டு அணிகள், அணிக்குப் பதினொரு பெயராக. பருத்தி எடுத்து ஓய்ந்த மாதங்களில் உங்களுக்கு அதுதான் வேலை. பெரியவர்கள் ஆட்டத்தைப் பரளச்சி ஊரே கூடிப் பார்க்கும். நீங்கள் சின்னவர்கள் ஆட்டத்துக்குக் காத்திருப்பீர்கள். இலங்கையில் முதன்முதலாகக் கோப்பை வென்ற அணி பெரிதா, பிறகு மலேசியாவில் வென்ற அணி பெரிதா என்று சோறு ஆறிப்போகும் வரை வாதாடியிருக்கிறோம்.

"பேட்டிங்குக்கு அந்த டீமு, பந்து போட இந்த டீமு. ரெண்டையும் கோத்துவிட்டா ஒருத்தனும் எதுத்து நிக்க முடியாது, டீச்சர்" என்பீர்கள். மணமான நாளிலிருந்து நான் உங்களுக்கு டீச்சர்தான்.

"ரெண்டு பிள்ளைகளோட விடைத்தாளச் சேத்துத் தச்சு மார்க் போடுவாகளா? தனித்தனியாச் சொல்லுங்க."

"பத்தொம்பது வயசுல எல்லாப் பயலும் ராசாதான். முப்பதுல எவன் நெலச்சு நிக்கிறான்னு பாத்துல்ல டீமுக்கு மார்க் போடணும்."

ஒரே ஓர் அணி உங்கள் வரிசையில் இருக்காது. நம் மகனின் வயதுக்காரர்கள் ஆடிய அணி. ஒருமுறை நானே, குத்திக்காட்டும் குரலில், "நடுவுல ஒரு செட்ட விட்டுட்டீங்களே" என்றேன். "அத நான் பாக்கல, டீச்சர்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள். அந்த ஆட்டங்கள் நடந்த நாட்களில் டிவிப் பெட்டியைத் துணி போட்டு மூடியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

அவன் அக்டோபரில் பிறந்தவன். ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் பொறுக்கலாம் என்றீர்கள். டீச்சர் மகன், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன், வீட்டில் எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று நான்தான் விண்ணப்பத்தில் பிறந்தது மே மாதம் என்று எழுதினேன். நான் படித்து, பிறகு பாடம் நடத்திய கான்வென்ட் அது. பிள்ளைகள் பார்த்து எழுதிப் பழக என் கையெழுத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். யாரும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்கவில்லை. டீச்சர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த ஐந்து மாதம் பதின்மூன்று வருடம் கழித்து எதிரே வந்து நின்றது. வற்றிய கண்மாயில் இடது கையால் வேகமாகப் பந்து வீசிப் பழகியவனை, மாநில இளைஞர் அணித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கிருந்து நாட்டு அணிக்கு இன்னும் இரண்டு படி என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்கள். அவன் பிறந்த வருடத்துச் செப்டம்பர் முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் இடம். பிறப்பின்படி அவன் உள்ளே. பள்ளிச் சான்றிதழின்படி வெளியே.

நீங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். தேர்வாளர் சிரித்தாராம். "வயசக் குறைச்சுக் கொண்டுவர்ற அப்பாக்களத்தான் பாத்திருக்கேன். வயசக் கூட்டிப் போட்டுட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான் சார்." ஆனாலும் ஒரு வழி சொன்னார். பள்ளியில் தவறான தேதி கொடுத்தவர் அதை ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும். பள்ளி திருத்தித் தர வேண்டும்.

வெள்ளைத்தாளை என் முன் வைத்தீர்கள். அந்த வருடம்தான் என்னைத் தலைமையாசிரியை ஆக்குவதாக இருந்தார்கள். "பொய் சொன்னேன்னு நான் எழுதித் தரமாட்டேன்" என்றேன். இரண்டாம் முறை நீங்கள் கேட்கவில்லை. அவனைக் கூப்பிட்டு, "நாந்தாம்ப்பா தேதியத் தப்பாச் சொல்லிச் சேத்துட்டேன். சீட்டும் தொலஞ்சு போச்சு" என்றீர்கள். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

அதன் பிறகு இருபது வருடம் அவன் உங்களிடம் பேசவில்லை. ஓசூரில் வேலைக்குப் போனான். என்னிடம் போனில் பேசுவான். நீங்கள் பக்கத்தில் வந்து நின்றால் வைத்துவிடுவான். உங்களுக்குக் கொள்ளி வைக்க வந்தவன் காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டான்.

சென்ற மாதம் கையெழுத்துப் போட வந்தான். இருவரும் திருச்சுழி தாலுகா ஆபீஸுக்குப் போனோம். எழுத்தர் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, உங்க மகன் ரெண்டு தடவ பொறந்துருக்காரே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகன் எட்டிப் பார்த்தான். சீட்டை அடையாளம் கண்டுகொண்டான்.

"பரவால்லம்மா. நம்ம பக்கம் பாதிப் பேரு மே மாசந்தான். சேக்கும்போது வாத்தியாருமாரு போட்டுவிடுறது" என்றார் எழுத்தர்.

அதோடு முடிந்திருக்கும். வாய் திறக்காமல் இருந்திருந்தால் பழி உங்கள் தலையிலேயே கிடந்திருக்கும். "வாத்தியார் போடல. அவுக அப்பாவும் போடல. நான் போட்டேன்" என்றேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அருப்புக்கோட்டை வண்டி வளைவில் திரும்பியபோதுதான் வாய் திறந்தான்.

"சாகுறதுக்கு மொத வாரம் அப்பா போன் பண்ணாரும்மா. பேரப் பாத்துட்டுக் கட் பண்ணிட்டேன்."

வண்டியில் ஏறினான். நான் ஏறவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

இப்போது என் போனையும் அவன் எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்கிறது. நீங்கள் இருபது வருடம் கேட்ட மணி. எனக்கு ஒரு மாதம்தான் ஆகிறது.

நேற்று உங்கள் நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, நீங்கள் விட்டுவிட்ட அணியின் பதினொரு பெயரையும் தேடி எழுதினேன். நல்ல அணிதான். மூன்றாவது இடத்தில் செருகி வைத்தேன். நீங்கள் இருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். எழுதி முடித்துத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். மே என்று எழுதிய அதே கையெழுத்து. இந்த வயதிலும் ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை.