வாசலில் சொல்லாத சொல்

அன்பு மகளே,

கர்த்தருடைய கிருபையால் சித்தப்பா நலம். மாடிப்படியில் நாற்பது படி உருண்டு விழுந்தேன், டாக்டரே அசந்துபோனார். நாலு படிதான் என்று உன் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். அவருக்கு எண்ணத் தெரியாது.

ஆறு வாரமாக வலது காலில் மாவுக்கட்டு. கட்டிலுக்கும் கதவுக்கும் ஒன்பது அடி. எனக்கு அது வேறு தேசம்.

இருபது வருடம் சபை வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றவன் நான். தாழ்மையில் என்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. உன் வீட்டுக்காரர் சாக்கடைக் குழாய் வேலை பார்க்கிறவர் என்று தெரிந்தும், "வா தம்பி, பின்னாடி இடம் இருக்கு" என்று அன்பாகத்தானே சொன்னேன்? அதற்காக மூன்று வருடம் நீ என் வீட்டை எட்டிப் பார்க்காமல் இருக்கலாமா?

எனக்கு ஊழியம் செய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் வந்து மலச்சட்டியை எடுக்கிறார். வெந்நீர் வைத்து என் இடது பாதத்தைக் கழுவித் துடைக்கிறார். பதிலுக்கு வேதத்தை விளக்கலாம் என்று வாயைத் திறந்தால், "காலை ஆட்டாம பேசுங்க மாமா" என்கிறார்.

நேற்று அவர் கதவைத் தட்டியபோது, "வாங்க மாப்பிள்ளை" என்று என்னையறியாமல் வந்துவிட்டது. அவர் உள்ளே வரவில்லை. தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை, மகளே.

எழுந்து திறக்க முடியாததால் கதவைத் தாழ் போடுவதில்லை. மாப்பிள்ளையோடு நீயும் வா.

நாலே படி விழுந்த,
உன் சித்தப்பா