வாண்டாவின் ஒற்றை வேர்

அழுகிய வேரின் வாடை என் விரல்களில் இன்னும் இருக்கிறது. எத்தனை முறை சோப்பு போட்டாலும் போகவில்லை. உன் வாண்டா ஆர்க்கிட்டை மண்ணிலிருந்து பிடுங்கிய கை இது.

ஆமாம், மண்ணிலிருந்துதான். நீ போன பிறகு, பிள்ளையின் செடி தன்னோடு இருக்கட்டும் என்று உன் அம்மா அதை வில்லரேயில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். போன வாரம் போன் செய்தார். "பூக்கண்டு வாடிப்போச்சு பிள்ளை. ஒருக்கா வந்து பாக்கிறியோ?" பஸ்ஸும் மெட்ரோவும் மாறிப் போனேன். ஹீட்டர் பக்கத்தில் பெரிய தொட்டி. அதில் கழுத்து வரை புதைந்து நின்றது உன் செடி. வேர்கள் அந்தரத்தில் தொங்குவதைப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்கவில்லையாம். தினமும் காலையில் உன் படத்துக்கு விளக்கேற்றியதும் இதற்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியிருக்கிறார். 

உன்னோடு வாடகையைப் பகிர்ந்துகொள்ள சென்ட் லோரன்ட் வீட்டுக்கு நான் குடிவந்த முதல் நாள், குளியலறைக் கம்பியில் அது தொங்குவதைப் பார்த்து, எறியப்போகிற செடி என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் இங்கே கடையில் பிரெஞ்சில் வணக்கமாக ஒரு பொஞ்சூர் சொல்லக்கூட உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "இதுக்கு மண் ஆகாதடி," என்றாய். "உன்னைப் போலதான். ஒண்டிலயும் ஒட்டாது, ஆனா சீவிக்கும்."

குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றையே வறுத்துவிடும் என்பதால்தான் நீராவி நிற்கும் குளியலறை. வெள்ளி நிற வேர்களைத் தண்ணீரில் இறக்குவாய். அவை பச்சையானதும் எடுத்து உலரவிடுவாய். குருத்துக்குள் தேங்கிய துளியைத் துணி நுனியால் ஒற்றி எடுப்பாய். பச்சையானால் உயிர் இருக்கிறது, அளவுக்கு மேல் ஊறினால் அழுகிவிடும் என்பாய். அந்த நீல ஊதாப் பூக்கள் விரிந்த வாரம், நாம் இருவரும் மாறி மாறிக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து கொழகொழத்த வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். அழுகல் பரவாமலிருக்க, வெட்டிய இடங்களில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூள் தடவினேன். அமுக்கினால் கெட்டியாக இருந்தது ஒரே ஒரு வேர்தான். அம்மா பக்கத்திலேயே நின்றார்.

"தப்புமோ பிள்ளை?"

இதே கேள்வியை அவர் ஆஸ்பத்திரியில் உன்னிடம் கேட்டார். அவருடைய பிரெஞ்சு கடைக்குப் போதும், டாக்டருக்குப் போதாது. டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்ல, கட்டிலில் கிடந்த நீதான் இருந்தாய். "மருந்தை மாத்திப் பாக்கினமாம் அம்மா. சுகம் வருமாம்." இனி மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னது, அதற்குள் பிரெஞ்சு பழகியிருந்த எனக்குப் புரிந்தது. அம்மாவின் தோளுக்கு மேலாக நீ என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தண்ணீரில் வேர் பச்சையானால் உயிர் இருக்கிறது, பார்க்கலாம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, செடியைக் குளிர் படாமல் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தேன். நம் குளியலறையின் பழைய கம்பியில் மாட்டினேன். அன்றிலிருந்து அம்மா தினமும் மாலையில் கூப்பிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார்.

இன்று அந்த வேர் பச்சையாகவில்லை. ஊற ஊறச் சாம்பல் நிறமாகவே இருந்தது. அழுத்திப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்போது போன் அடித்தது.

"பச்சையோ பிள்ளை?"

"பச்சையாதான் இருக்கும்மா."

என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கட்டிலில் கிடந்து நீ பேசிய அதே நிதானம். எப்படி உன்னால் முடிந்தது என்று இத்தனை நாள் உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அந்தப் பொய் என்னிடம் இருக்கிறது. நாளை மாலையும் அதைச் சொல்ல வேண்டும்.

போனை வைத்துவிட்டு வேரை மறுபடியும் தண்ணீரில் இறக்கினேன். அளவுக்கு மேல் ஊறினால் அழுகிவிடும். தெரியும். எடுக்கத்தான் கை வரவில்லை.